வெந்நீரும் மூன்று ஊசியும்

கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்துபோன மனுஷன் திரும்பி வரவே இல்லை. நான் பஸ் ஓட்டுகிறவள். ஏறின ஆள் எந்த நிறுத்தத்தில் நழுவினான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கட்டின புருஷன் நழுவுவதா எனக்குத் தெரியாது? கைப்பையை மாட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டேன்.

அது வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு கொசுவைப் பூனை அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே, ‘தெற்காசியாவுக்குப் போகிறீர்களா?’ என்று கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி. அதைப் படித்ததிலிருந்தே இவருக்கு முகம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நடையின் கோடியில் இருந்தார். லிப்ட் கதவு மூடாமல் ஒரு காலால் மறித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, லிப்ட் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு, ஒரு விரல்கடை இறங்கி நிக்குது. பிரேக் தேஞ்சிருக்கு. யாராவது தடுக்கி விழப்போறாங்க” என்றார்.

“விழட்டும். ஆஸ்பத்திரியிலதான விழுவாங்க, தூக்கிட்டு வர்ற செலவு மிச்சம். எழுந்து வாங்க.”

“இத யாருகிட்டயாவது சொல்லணும்ல?”

“சொல்லலாம். முதல்ல ஊசி. அப்புறம் லிப்ட்.”

இவர் லிப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள், இடுப்பில் ஒரு பட்டையும் தலையில் ஒரு விளக்குமாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். மற்ற மெக்கானிக்குகள் எட்டிப் பார்க்கவே யோசிக்கிற இடத்தில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வருவார். அந்த மனுஷனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். எங்கள் பையன் பிறந்த அன்றைக்கு எனக்கு ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு இவர் மயங்கி விழ, வலியில் துடித்துக்கொண்டிருந்த என்னை விட்டுவிட்டு நர்ஸுகள் எல்லாரும் இவரைத் தூக்க ஓடினார்கள். இத்தனை வருஷமாகியும் அந்த ஆத்திரம் எனக்கு முழுசாக ஆறவில்லை.

இந்த முறை தப்பிக்க வழியில்லை. இவருடைய அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. எனக்கு அண்ணி. இவர்கள் பிறந்த நாட்டில், அதே வீட்டில்தான் இன்னமும் இருக்கிறார். போனில் பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி, அடுத்த மாதத்தில் ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார். அண்ணியோ ஒரே பிடிவாதம்: தம்பி வந்து பக்கத்தில் நின்றால்தான் படுப்பேன், இல்லாவிட்டால் இப்படியே போய்ச் சேர்கிறேன்.

தம்பி என்று சொன்னாலும் வளர்த்த பிள்ளைதான். இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே என் மாமியார் போய்விட்டார். மாமனார் விடிந்தால் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர். பன்னிரண்டு வயசு அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தது. சின்ன வயசைப் பற்றிப் பேசினால் இவர் எப்போதும் சொல்வது ஒன்றே ஒன்று. அக்காவும் இவரும் கண்ணாமூச்சி ஆடுவார்களாம். காலி தண்ணி டிரம்முக்குள் இவர் ஒளிந்துகொள்வாராம். அக்கா மூடியை வைத்து மூடிவிடுமாம். சத்தமே போடாமல் உள்ளே இருந்து, ஒவ்வொரு தடவையும் இவர்தான் ஜெயிப்பாராம். இதைச் சொல்லும்போது ஐம்பது வயசு முகம் அஞ்சு வயசு முகமாகிவிடும்.

அன்றைக்கு நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். என் பையன் வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்ட பெண். நிதானமாகப் பேசினாள்.

“கடைசியா எப்ப சார் அங்க போனீங்க?”

“ஆச்சும்மா, பதினெட்டு வருஷம். ஆனா நான் பொறந்து வளர்ந்த ஊரு. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இந்த உடம்பு வளர்ந்துச்சு. அந்தக் கொசுவெல்லாம் எனக்குப் பங்காளி மாதிரி. எனக்கெதுக்கு இதெல்லாம்?”

“எல்லாரும் இததான் சார் சொல்றாங்க. சுத்திப்பாக்கப் போறவங்க பயந்து பயந்து போயிட்டு நல்லபடியா வந்துடறாங்க. சொந்த ஊருதானேன்னு போறவங்கதான் காய்ச்சலோட திரும்பறாங்க. ஊர நீங்க மறக்கலன்னாலும் உங்க உடம்பு மறந்துடுச்சு.”

“நல்லா சொல்லும்மா” என்றேன் நான். “அண்ணி ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறப்ப இவரு பக்கத்துக் கட்டில்ல டைபாய்டோட படுத்தா யாரு யாரைப் பாக்கறது? காய்ச்சக்காரர அந்த வார்டுக்குள்ளயே விடமாட்டாங்க.”

டைபாய்டுக்கு ஒரு ஊசி, மஞ்சள்காமாலைக்கு ஒரு ஊசி, டெட்டனஸும் போலியோவும் சேர்ந்து ஒரு ஊசி என்று அந்தப் பெண் சொன்னாள். மலேரியாவுக்கு மாத்திரை, கொசுவுக்குத் தடவிக்கொள்ளும் களிம்பு, கொதிக்க வைத்த தண்ணீர் என்று அடுத்ததாகச் சொல்லிக்கொண்டே தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். தட்டில் இருந்தது வெறும் பஞ்சும் ஸ்பிரிட் பாட்டிலும்தான். அந்த வாசனை வந்ததுதான் தாமதம், இவர் நாற்காலியிலிருந்து மெதுவாக வழிந்து தரைக்கு வந்து சேர்ந்தார்.

காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்து, முகத்தில் தண்ணி தெளித்தோம். கண்ணைத் திறந்ததும், “முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றேன். வந்த ஆத்திரத்தில் இன்னும் இரண்டு செம்பு தண்ணி ஊற்றியிருப்பேன்.

நர்ஸ் பெண்ணுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “நாள் இருக்கு. டைபாய்டுக்கு வாயில போடற மாத்திரையும் இருக்கு. இப்ப அத ஆரம்பிச்சுடலாம். மத்த ரெண்டும் மாத்திரை முடிஞ்சப்புறம் வந்து, படுத்துக்கிட்டே போட்டுக்கலாம் சார்” என்றாள். மாத்திரையை எப்படிச் சாப்பிடணும் என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரம் இவருடைய சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜில் வைக்கணும், வெறும் வயிறு, ஒருநாள் விட்டு ஒருநாள். இவ்வளவும் என் காதில் விழுந்தது. இவ்வளவு போதாதா என்று நினைத்தேன்.

மாத்திரை அட்டை எங்கள் ஃப்ரிட்ஜில் வெண்ணெய் வைக்கிற தட்டில் உட்கார்ந்தது. எனக்கு முதல் பஸ் ஷிஃப்ட். விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அதனால் மாத்திரை நாளில் இவரையும் எழுப்பி, வாயில் போட்டு, தண்ணி கொடுத்து, விழுங்கினாரா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். டிப்போவில் என்னை ‘ஹாரன்’ என்று கூப்பிடுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. வேலை என்று ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் ஓட்டை இருக்கக் கூடாது எனக்கு.

மாத்திரை ஆரம்பித்த பிறகு இவர் முகத்தில் தெளிவு வந்தது. எனக்கும் மனசு லேசானது. பெட்டியை இறக்கித் துடைத்தேன். கொசுக் களிம்பு வாங்கினேன், முழுக்கைச் சட்டைகளைத் தேடி எடுத்தேன், வயிறு போனால் கரைத்துக் குடிக்கிற உப்புப் பொட்டலங்களை ஓரத்தில் செருகினேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் போகப்போகிறார் என்பதால் ஒன்றுக்கு இரண்டாகவே செருகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்தார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் பேசுவது காதில் விழுந்தது.

“இல்லக்கா, லீவுதான் கொஞ்சம் சிக்கலா இருக்கு. கம்பெனில ஆள் இல்லேங்கறாங்க. வர்றது கஷ்டம்னுதான் நெனக்கறேன்.”

கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. லீவா? போன வாரம் இவருடைய மேனேஜர் தன் வாயால், போய் அக்காவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொன்னதை நானே கேட்டேன். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து நின்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“பரவால்லடா தம்பி” என்றார் அண்ணி. மூச்சு வாங்கிவிட்டு, “வேலைதான் முக்கியம். டாக்டர்கிட்ட சொல்லி... தள்ளிப் போட்டுக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

“ஆமாக்கா. மழையெல்லாம் முடியட்டும்.”

“அதான். மழை முடியட்டும்.”

இரண்டு குரலிலும் ஒரே நிம்மதி. எனக்கு அதுதான் வினோதமாக இருந்தது. இவர் பயந்தாங்கொள்ளி, சரி. அண்ணிக்கு என்ன வந்தது? தம்பி வரவில்லை என்றால் அழுது ஊரைக் கூட்டுகிற ஆள் இவ்வளவு சீக்கிரமா சரி என்று சொல்வது?

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். “வாய் கூசாம பொய் சொல்றீங்களே! ஒரு ஊசிக்குப் பயந்து வளர்த்தவளக் கைவிடப் போறீங்களா?”

“கைவிடறேன்னு யாரு சொன்னா? கொஞ்ச நாள் கழிச்சு...”

“கழிச்சுன்னா? அண்ணி பேசறது காதுல விழலையா உங்களுக்கு? ஒரு வாக்கியம் முழுசா பேச மூச்சு இல்ல அவங்களுக்கு. மழை முடியட்டுமாம், மழை! வால்வுக்கு மழை வெயில் தெரியுமா?”

எழுந்து போய்ப் பல் தேய்த்தார். பேச்சில் தோற்றால் இவர் பல் தேய்ப்பார். அன்று மூன்று தடவை தேய்த்தார்.

மாத்திரை முடிந்தது. கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. என் கடைசி டிரிப் முடிகிற இடத்திலிருந்து கிளினிக் நடக்கிற தூரம்தான். அந்த டிரிப்பிலேயே வந்து ஏறும்படி சொல்லியிருந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிறுத்தத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஏறி, மற்றவர்களைப் போலவே டிக்கெட் அட்டையைத் தட்டிவிட்டு, என் கண்ணாடியில் படாத கடைசி இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தார். அந்த இருக்கைக்கென்று இன்னொரு கண்ணாடி இருப்பது இத்தனை வருஷத்தில் இவருக்குத் தெரியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

முனையத்தில் எல்லாரும் இறங்கினார்கள். இவர் இறங்கவில்லை. நான் எஞ்சினை நிறுத்தினேன். கதவுகளைத் திறந்தே வைத்துவிட்டு, நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டலாம் என்றுதான் போனேன். கிட்டே போனால் இவர் கை இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன. நடுக்கத்தை மறைக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

“வலிக்கும்னு இல்லம்மா” என்றார் என் முகத்தைப் பார்க்காமலே. “போன மாசம் கையில இரும்பு கிழிச்சுது, நீதான் கட்டுப்போட்ட, நான் ஆன்னு ஒரு வார்த்த சொன்னேனா? இது வேற. அந்த வாசன வந்தாலே யாரோ என்னத் தேடி வர்ற மாதிரி இருக்கு. எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கணும்னு இருக்கு. ஏன்னு எனக்கே புரியல.”

எனக்குத் திட்டு மறந்துபோனது. “எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றேன். “ஊசிய நெனச்சு இல்ல. அண்ணிக்கு ஏதாவது ஆயிட்டா அப்புறம் நீங்க எப்படி இருப்பீங்கன்னு நெனச்சு. என்னால அதப் பாக்க முடியாதுங்க.”

அடுத்த டிரைவர் வந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா ஹாரன், சத்தத்தயே காணோம்? உடம்பு சரியில்லயா?” என்றார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கிலேயே எழுந்து இறங்கினார்.

அதே நர்ஸ் பெண்தான். இவரைப் பார்த்ததும் தட்டை எடுத்துத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நல்ல பெண்.

“மாத்திரையெல்லாம் முடிஞ்சுதா சார்? எப்படிச் சாப்பிட்டீங்க?”

கேட்டது இவரை. பதில் சொன்னது நான். “ஒண்ணுகூட விடலம்மா. ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தேன். வெறும் வயித்துல, ஒருநாள் விட்டு ஒருநாள், நானே என் கையால குடுத்தேன். நல்லா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வச்சு.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “வெந்நீரா?”

“ஆமா. எங்க வீட்டுல எந்த மாத்திரையும் வெந்நீர்லதான். அப்பத்தான் உடனே கரைஞ்சு வேலை செய்யும்.”

“எனக்கு நாக்கு வெந்துபோச்சும்மா” என்று இவர் நடுவில் ஒரு புகாரைப் போட்டார்.

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்மா, அந்த மாத்திரைக்குள்ள இருக்கறது மருந்துப் பொடி இல்ல. வலுவக் குறைச்ச டைபாய்டு கிருமி, உயிரோட. அது உள்ள போய்த்தான் உடம்புக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணும். அதனாலதான் ஃப்ரிட்ஜ்ல வைக்கறது. சூடு பட்டா செத்துடும். ஆறின தண்ணிலதான் குடுக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே?”

சொல்லியிருப்பாள். நான்தான் வாயை மூடாமல் திட்டிக்கொண்டிருந்தேனே! ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்து, விடியுமுன் எழுப்பி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, அத்தனை ஜாக்கிரதையாக அத்தனையையும் வேக வைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அசடு வழிந்த வழிசலுக்கு அளவே இல்லை.

“அப்ப... திரும்ப மாத்திரையா?” என்று கேட்டேன்.

“இத நம்ப முடியாதும்மா. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கறதவிட டைபாய்டுக்கும் ஊசியே போட்டுடலாம். அதான் நிச்சயம்.”

இவர் மயங்கப்போகிறார் என்று தோளைப் பிடிக்கப் போனேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறார். “டிப்போவுல சொல்லிடட்டுமா?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்த மனுஷன், அதை அனுபவிக்கிற சந்தோஷத்தில் ஊசியைக்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்.

“அப்புறம் ஒண்ணு கேக்கணும் சார்” என்றாள் நர்ஸ். “சின்ன வயசுல டெட்டனஸ், போலியோவெல்லாம் போட்டிருக்கீங்கல்ல? போட்டிருந்தா இப்ப ஒண்ணு போதும். இல்லேன்னா மூணு தடவ போடணும்.”

“எல்லாம் போட்டாச்சும்மா. எங்கக்கா ஒண்ணக்கூட விடமாட்டா. வேணும்னா கேட்டுச் சொல்றேன்” என்று அக்காவைப் போனில் கூப்பிட்டார். முகம் தெரிகிற மாதிரி. கேள்வி கேட்கும் சாக்கில் கொஞ்ச நேரம் ஓட்டலாம் என்று நினைத்தார் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன தடவை பார்த்ததைவிடக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவர் விஷயத்தைச் சொன்னார். “போட்டாச்சுல்லக்கா?”

லைன் போய்விட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தார் இவர்.

“போடலடா” என்றார் அண்ணி.

“எது போடல?”

“ஒண்ணுகூடப் போடல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஊசிக்காரம்மா... தெருமுனையில வர்றப்பவே... உன்னத் தூக்கி டிரம்முக்குள்ள விட்டு மூடிடுவேன். கண்ணாமூச்சி, சத்தம் போடாம இருந்தா நீதான் ஜெயிச்சேன்னு சொல்லுவேன். அவங்க ஸ்பிரிட் வாசனையோட டிரம் பக்கத்துல வந்து நின்னு கேட்டா, தம்பிக்கு சித்தி வீட்டுலயே போட்டாச்சுன்னு சொல்லி அனுப்பிடுவேன். அப்பாகிட்டயும் போட்டாச்சுன்னு சொல்லிடுவேன்.”

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அது விளையாட்டு இல்லையாக்கா?” என்றார்.

ஐம்பது வருஷமாக ஜெயித்துக்கொண்டிருந்த மனுஷன்.

“இல்லடா. அம்மாவுக்குக் கடைசியா ஊசி போட்டப்ப... நான்தான் பக்கத்துல நின்னேன். போட்டாங்க. அம்மா கண்ணத் திறக்கவே இல்ல. அம்மா ஏற்கனவே ரொம்ப முடியாமத்தான் கிடந்தாங்க, ஊசியால இல்லன்னு இப்பத் தெரியுது. அன்னைக்குத் தெரியலடா, சின்னப் பொண்ணு. இருக்கறது நீ ஒருத்தன்தான், உன்னயும் ஊசி போட்டுக் கொண்டுபோயிடுவாங்கன்னு நெனச்சேன். உன்னத் தூக்கறப்ப என் உடம்பே நடுங்கும். அந்த நடுக்கம்தான் உனக்கு ஒட்டிக்கிச்சு. என்னாலதான்டா நீ இப்படிப் பயப்படற.”

“அக்கா...”

“இன்னும் இருக்கு, கேளு. தம்பி வந்தாத்தான் படுப்பேன்னு சொன்னதும்... பதினெட்டு வருஷமா வராதவன் இப்பவும் வரமாட்டேங்கற தைரியத்துலதான். லீவு இல்லேன்னு நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு நிம்மதி. மயக்க ஊசி போடுவாங்களாம்டா. நானும் அம்மா மாதிரி கண்ணத் திறக்கலேன்னா?”

நர்ஸ் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூக்கை உறிஞ்சினேன். இருட்டுக் குழிக்குள் தொங்கும்போது இந்த மனுஷனுக்கு ஏன் பயமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருட்டுக்குள் இருந்தால் அக்கா பார்த்துக்கொள்ளும்.

இவர் போனை என் கையில் கொடுத்தார். “அக்காவுக்கு நல்லாத் தெரியற மாதிரி பிடி” என்றார். பிறகு நர்ஸிடம், “எத்தனம்மா?” என்று கேட்டார்.

“இன்னைக்கு மூணு சார். டெட்டனஸ், போலியோ மட்டும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தப்புறம் இன்னும் ரெண்டு தடவ. படுத்துக்கறீங்களா?”

“வேணாம். உக்காந்துக்கறேன்.” சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. “லீவு இருக்குக்கா. அன்னைக்கு நானும் பொய்தான் சொன்னேன். ஊசிக்குப் பயந்துதான். இப்பப் போட்டுக்கப்போறேன். கண்ண மூடமாட்டேன். நீயும் மூடாத. நீ என்னப் பாத்துக்கிட்டே இரு.”

“வேணாம்டா, ஐயோ, வேணாம்டா” என்று அண்ணி அங்கே கையை நீட்டினார். அத்தனை கடல் தாண்டி இவரைத் தூக்கி ஒளித்து வைக்கிற மாதிரி.

ஸ்பிரிட் வாசனை வந்தது. இவர் கால் இரண்டும் ஆட ஆரம்பித்தன. நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முழங்காலை அழுத்திக்கொண்டேன். முதல் ஊசிக்கு இரண்டு நாட்டிலும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்று சத்தம் கேட்டது. இரண்டாவதற்கு இவர் மட்டும் பல்லைக் கடித்தார். மூன்றாவது ஊசி அடுத்த கையில். நான் போனைத் திருப்பிப் பார்த்தேன். அண்ணி கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது சார்” என்றாள் நர்ஸ்.

இவர் மயங்கவில்லை. தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார், இருக்கிறதா என்று.

“வலிச்சுதாடா?” என்று கேட்டார் அண்ணி.

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்தானே?”

“கொஞ்சம்தான்க்கா.”

அண்ணி ரொம்ப நேரம் தம்பியையே பார்த்தார். “சரி, வா. படுக்கறேன்” என்றார்.

கிளம்பும்போது லிப்டில் நான் தடுக்கினேன். ஒரு விரல்கடை இறங்கித்தான் நின்றிருந்தது. கீழே வரவேற்பில் இருந்த ஆளிடம் பிரேக்கைப் பற்றி இவர் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார். சொல்லி முடிக்கும்வரை நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அது எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம்.

ஊசி உடம்பில் ஊறுவதற்குப் போதுமான நாள் இருந்தது. பிறகு கிளம்பினார். ஆபரேஷன் அன்றைக்கு நான் வேலையில் இருந்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். முனையத்தில் பஸ்ஸை நிறுத்தியதும் போன் அடித்தது.

“இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க” என்றார். பின்னால் சக்கரக் கட்டில் உருளும் சத்தம் கேட்டது. “நடுங்கிக்கிட்டேதான் இருந்தா. மயக்க ஊசி போடற டாக்டர் வந்ததும் அவளே கைய நீட்டிட்டா. ‘என் தம்பி மூணு போட்டுக்கிட்டான்’னு அவருகிட்டப் பெருமை வேற.”

“நீங்க சாப்பிட்டீங்களா? மலேரியா மாத்திரை?”

“போட்டுக்கிட்டேன். ஆறின தண்ணியில.” சிரித்தார். சிரிப்பு பாதியில் எங்கேயோ போய்விட்டது. இருக்கிறார் என்பது மட்டும் மூச்சில் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல், என் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் திரும்ப அடித்தார். நான் பஸ்ஸை ஓரம் கட்டி, கதவைத் திறந்துவிட்டு, பயணிகளிடம் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தேன்.

“கண்ணத் திறந்துட்டாம்மா” என்றார். “திறந்ததும் என்னத் தேடினா. நான் கட்டில் ஓரத்துல குனிஞ்சு உக்காந்திருந்தேன், சட்டுனு தெரியல அவளுக்கு. அப்புறம் பாத்துட்டு, ‘கண்டுபிடிச்சுட்டேன்’னு சொன்னா.”

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஹாரன் என்று பெயர் வாங்கியவள் நான்.

“இப்ப நான் அழலாமாம்மா?” என்று கேட்டார்.

“அழுங்க” என்றேன். “நான் ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு.”